நாலு மணி நாக்கு

மணி மூன்றே முக்கால். கண் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கை மட்டும் மேஜை டிராயரைத் துழாவுகிறது. காலையில் யாரோ கொடுத்த லட்டில் பாதி, இரண்டு சாக்லேட், நாலு கிரீம் பிஸ்கோத்து. "ஒன்றே ஒன்று" என்றுதான் ஆரம்பிக்கிறீர்கள். கையில் இருக்கும் வேலை முடிவதற்குள் டிராயர் காலி!

வேலைக்குப் போகும் சகோதரிகளே, இது உங்களுக்கும் நடக்கிறதா?

ஆபீஸில் இனிப்புக்கு என்றைக்குமே பஞ்சம் கிடையாது. ஒருவருக்குப் பிரமோஷன், இன்னொருவருக்குப் பிறந்த நாள். ஒருவர் கார் வாங்குகிறார். மற்றொருவர் ஊருக்குப் போய்த் திருநெல்வேலி அல்வாவுடன் திரும்புகிறார். முப்பது பேர் வேலை செய்யும் இடமென்றால் பிறந்த நாள் மட்டுமே முப்பது! பண்டிகைகள் வேறு.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாம் உண்ணும் உணவின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சர்க்கரை இருக்க வேண்டும், அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் கூறியது. அந்தப் பாதி அளவு, நாள் ஒன்றுக்குச் சுமார் 25 கிராம். அதாவது ஆறு டீஸ்பூன். வெல்லமும் தேனும்கூட இந்தக் கணக்கில் சேர்ந்தவைதான். முழுப் பழத்தில் இயற்கையாக உள்ள இனிப்பு சேராது. காலையில் வீட்டில் ஒரு காப்பி, ஆபீஸில் இரண்டு காப்பி. தலைக்கு இரண்டு ஸ்பூன் என்றால் ஆறு ஸ்பூனும் தீர்ந்துவிட்டது. லட்டுக்கு எங்கே இடம்?

"ஒரு லட்டில் என்ன குடி முழுகிவிடும்?" என்பீர்கள். ஒரு லட்டினால் முழுகாதுதான். ஆனால் நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றும், மேலும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள் என்றும் 2023-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று மதிப்பிட்டது. இந்த வியாதிக்கு இனிப்பு மாத்திரமே காரணமல்ல. பரம்பரை, உடல் பருமன், நாளெல்லாம் உட்கார்ந்தே இருப்பது எல்லாம் கூடித்தான் அதைக் கொண்டுவருகின்றன. கர்ப்ப காலத்தில் சர்க்கரை ஏறியிருந்த பெண்களுக்குப் பிற்பாடு நீரிழிவு வரக்கூடிய அபாயமும் அதிகம். அத்தகையவர்கள் கூடுதல் ஜாக்கிரதையாக இருப்பது அவசியம்.

சரி, ஏன் இந்த ஆசை? நாக்கை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. விடியற்காலையில் எழுந்து எல்லோருக்கும் டப்பா கட்டிக் கொடுத்துவிட்டு, நின்றபடியே அரைத் தம்ளர் காப்பியைக் குடித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிறீர்களே, அங்கேதான் விஷயம் ஆரம்பமாகிறது. மத்தியானமும் அவசரமாக நாலு வாய் சாதம். மூன்றரை மணிக்கு வயிறு கேட்பது லட்டு அல்ல, ஆகாரம்! கைக்கெட்டும் தூரத்தில் லட்டு இருப்பதால் அதைக் கொடுத்து வாயை மூடுகிறோம். அது சீக்கிரமே ஜீரணமாகிவிடுகிறது. மறுபடியும் பசி, மறுபடியும் டிராயர்.

ஆகவே, முதல் வைத்தியம் காலை ஆகாரம். இரண்டு இட்லியானாலும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மத்தியான டப்பாவில் சாதத்தைச் சற்றுக் குறைத்து, பருப்போ, தயிரோ, முட்டையோ, காய்கறியோ சேர்த்துக் கொள்ளுங்கள். சாப்பிட்டதும் நாற்காலியில் சாயாமல் பத்து நிமிஷம் நடந்து வாருங்கள். ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக ஏறாமலிருக்க அது உதவும். நாலு மணிக்கென்று ஒரு சின்ன டப்பா தனியாக இருக்கட்டும்: கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு பிடி வேர்க்கடலை, அல்லது ஒரு கொய்யாப்பழம்.

காப்பியில் சர்க்கரையைத் திடீரென்று நிறுத்த வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அரை ஸ்பூன் குறையுங்கள். நாக்கு தானே பழகிவிடும். டிராயரிலிருந்து இனிப்பை வெளியேற்றி விடுங்கள். கண்ணில் படாததைக் கை தேடாது.

பக்கத்து மேஜை அக்கா ஆசையாகத் தட்டை நீட்டும்போது மறுப்பது எப்படி? அதுதான் பெரிய தர்மசங்கடம்! "ரொம்ப சந்தோஷம் அக்கா" என்று சொல்லி ஒரு துண்டு விண்டு எடுத்துக் கொள்ளுங்கள். போதும். அவர் பார்ப்பது உங்கள் முகத்திலுள்ள மகிழ்ச்சியைத்தான். துண்டின் அளவை அல்ல.

ஸ்வீடன் தேசத்தில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தைகளுக்கு வாரத்தில் ஒரே நாள், சனிக்கிழமை மட்டும்தான் மிட்டாய். இதன் பின்னணியில் ஒரு சோகக் கதையும் இருக்கிறது. 1940-களில் அங்கே லுண்ட் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், மூளை வளர்ச்சி குன்றிய நோயாளிகளுக்கு அவர்கள் சம்மதமே இல்லாமல் பிசுபிசுக்கும் மிட்டாய்களைக் கொடுத்துப் பற்களைச் சோதித்தார்கள். அந்தக் கொடுமையின் மூலம் உலகம் அறிந்த உண்மை: உணவோடு சேர்த்துச் சாப்பிடும் இனிப்பைவிட, இடையிடையே கொறிக்கும் இனிப்பே பல்லை அதிகம் சொத்தையாக்குகிறது. நாமும் வாரத்தில் ஒரு நாளை இனிப்புக்கென்று ஒதுக்கி வைத்தால் என்ன? அன்று நல்ல இனிப்பாக வாங்கி, வீட்டாரோடு உட்கார்ந்து ருசித்துச் சாப்பிடலாம்.

ஓர் எச்சரிக்கை. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக் கொள்பவர்களுக்குச் சில சமயம் சர்க்கரை திடீரென இறங்கி, வியர்வையும் நடுக்கமும் வரலாம். அப்போது உடனே சர்க்கரை வேண்டும். அவர்கள் கைப்பையில் வைத்திருக்கும் குளுகோஸையோ சர்க்கரையையோ யார் சொன்னாலும் எடுத்துவிடக் கூடாது. உணவை மாற்றுமுன் டாக்டரைக் கேட்டுக் கொள்வதும் அவசியம்.

மற்றபடி, இனிப்பு நமக்கு விரோதி அல்ல. விருந்தாளி மாதிரி எப்போதாவது வந்து போகட்டும். நம் டிராயரில் குடித்தனம் மட்டும் வேண்டாம்!