டிசம்பர்ல வாங்குற கிறிஸ்துமஸ் ட்ரீ, பொங்கலுக்குள்ள ஏன் காய்ஞ்சு போகுது?

ராயபுரம்ங்கற பேரே ராயப்பர்ல இருந்து வந்ததுதான். ராயப்பர்னா புனித பேதுரு. அப்படிப்பட்ட ஏரியால டிசம்பர் வந்தா சும்மா இருக்குமா? ஸ்டார் தொங்கும், குடில் வைப்பாங்க, நர்சரியில அடுக்கடுக்கா கிளை விட்ட குட்டி கிறிஸ்துமஸ் ட்ரீ வரிசையா நிக்கும். ஆசையா வாங்கிட்டு வந்து, லைட் சுத்தி, செல்ஃபி எடுப்பீங்க. ஜனவரி நடுவுல பார்த்தா கீழ் கிளை எல்லாம் பழுப்பாகியிருக்கும். நானும் ஒண்ணைக் கொன்னிருக்கேன், அந்த அனுபவத்துலதான் எழுதுறேன்!

முதல்ல, நீங்க வாங்குறது என்ன மரம்? வெளிநாட்டு சினிமால வர்ற ஃபிர், ஸ்ப்ரூஸ் இல்ல. அதெல்லாம் குளிர்தேசத்து மரங்கள், நம்ம வெயிலுக்குத் தாங்காது. இங்க தொட்டியில விக்கிறது அராகேரியா. இந்தக் குடும்பத்துல ஒரு அண்ணன் சிலி, அர்ஜென்டினா மலைகள்ல, குளிரும் மழையும் உள்ள காடுகள்ல வளர்றார். பேரு 'மங்கி பசில்'. அந்த முள் இலையைப் பார்த்தா குரங்குகூட ஏறத் தயங்கும்னு வெச்ச பேர். நம்ம ஊருக்கு வந்தது பசிபிக் தீவுகள்ல இருக்குற ரெண்டு தம்பிங்க. ஒண்ணு நார்ஃபோக் தீவு பைன், இன்னொண்ணு நியூ கலிடோனியாவோட குக் பைன். 1774-ல கேப்டன் ஜேம்ஸ் குக் அந்தப் பக்கம் கப்பல்ல போனப்போ பார்த்த மரங்கள்.

குட்டியா இருக்கும்போது ரெண்டையும் பிரிச்சுச் சொல்றது கஷ்டம். நார்ஃபோக்னு சொல்லி குக் பைனை விக்கிறது உலகம் முழுக்க நடக்குது. வளர்ந்த பிறகு ஈஸி. நார்ஃபோக் அகலமா, கோபுரம் மாதிரி, அடுக்குக்கு நடுவுல வானம் தெரியும். குக் பைன் ஒல்லியா தூண் மாதிரி நிக்கும், பட்டை காகிதமா உரியும். இன்னொரு வேடிக்கை, குக் பைன் சாய்ஞ்சு வளரும். 2017-ல வெளியான ஒரு ஆய்வுல 5 கண்டங்கள்ல 256 மரங்களை அளந்து பார்த்தாங்க. சராசரியா 8 டிகிரிக்கு மேல சாய்வு, அதுவும் பூமத்திய ரேகை இருக்குற திசையைப் பார்த்து! அப்போ இந்தியாவுல தெற்குப் பக்கம். ரேகைக்குக் கிட்ட வர வர சாய்வு குறையுது. அதனால சென்னையில பெருசா தெரியலைன்னா ஆச்சரியப்படாதீங்க.

சில வீடுகள்ல சவுக்குக் கிளையை வெட்டி வெப்பாங்க. அது வேற மரம். அதோட 'ஊசி'யை ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுங்க, கணு கணுவா கழண்டு வரும். சின்ன வயசுல எங்க உடைச்சேன்னு கண்டுபிடிக்கச் சொல்லி விளையாடுவோமே, அதேதான். அராகேரியா இலை அப்படிக் கழண்டு வராது.

சரி, ஏன் சாகுது? ஹால் மூலையில வெளிச்சம் பத்தாது. ஏசி காத்து இலையைக் காய வைக்கும். பாவம்னு தினமும் தண்ணி ஊத்துறோம், வேர் அழுகுது. நான் செஞ்சது இதுதான். மேல் மண்ணுல விரலை விட்டுப் பாருங்க, காய்ஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. தொட்டிக்கு அடியில ஓட்டை இருக்கணும். ஜன்னலோரம் வெச்சு, வாரம் ஒருதடவை தொட்டியைத் திருப்பிவிடுங்க. பண்டிகை முடிஞ்சதும் நேரா மொட்டைமாடி வெயிலுக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க, கருகிடும். பத்து நாள் நிழல், அப்புறம் காலை வெயில்னு பழக்குங்க. பச்சை ஸ்ப்ரே, ஜிகினா அடிச்சதை வாங்கவே வேணாம். ஒரே தொட்டியில மூணு நாலு செடியை நெருக்கி நட்டிருந்தா, அடர்த்தியா தெரியுறதுக்காகச் செஞ்சது. எண்ணூர், திருவொற்றியூர் பக்கம்னா இலைமேல தூசி படியும், அப்பப்போ தண்ணி தெளிச்சுக் கழுவுங்க. கடல் உப்புக் காத்துக்குக் கவலை வேணாம், நார்ஃபோக் அதைத் தாங்கும்.

உச்சிக் குருத்தை மட்டும் கிள்ளிடாதீங்க, மரத்தோட வடிவமே போயிடும். பக்கக் கிளையை ஒடிச்சு நட்டா புது மரம் வரும்னும் நினைக்காதீங்க. வேர் பிடிச்சாலும் அது படுத்த வாக்குலதான் வளரும். உதிர்ந்த கீழ் கிளையும் திரும்ப அதே இடத்துல அழகா வராது.

தொட்டியில கஷ்டப்படுதேன்னு காம்பவுண்ட் சுவரோரம் நட்டுடலாமா? இங்கதான் நான் கொஞ்சம் கறார். சொந்த மண்ணுல 50 மீட்டருக்கு மேல போற மரம் இது. நம்ம வீடுகளுக்கு நடுவுல கைவண்டி போறதே சிரமம். தலைக்கு மேல கரன்ட் கம்பி வேற. 2016 வர்தா புயல்ல சென்னை முழுக்க எத்தனை மரம் சாய்ஞ்சதுன்னு பார்த்தோமே!

மண்ணுல நட இடம் இருந்தா, எப்பவும் பச்சையா இருக்குற மகிழ மரம் நடுங்க. திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலோட தலமரமே அதுதான். சங்கிலி நாச்சியாருக்கு சுந்தரர் சத்தியம் பண்ணிக் கொடுத்தது மகிழ மரத்தடியிலன்னு தலபுராணம் சொல்லும். மெதுவாத்தான் வளரும், பொறுமை வேணும். அடர்ந்த நிழல், நட்சத்திரம் மாதிரி குட்டிப் பூ, காய்ஞ்சாலும் வாசம் போகாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி, செப்டம்பர்ல குழி எடுத்து மக்கிய எரு போட்டு வெச்சிடுங்க, முதல் மழைக்கு நட்டுடலாம்.