பழைய மிலிட்டரி லாரியோட பட்டை: எதைக் காப்பாத்தலாம், எதை விட்டுடணும்?

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து, வாசிக்க ஏற்ற மாதிரி சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

சென்னையிலிருந்து வடக்கே ஜி.என்.டி. ரோட்டைப் பிடிச்சா கும்மிடிப்பூண்டி சிப்காட் வரும். பழைய இரும்பை உருக்கி, கட்டடக் கம்பியா உருட்டுற ஆலைகள் நிறைய இருக்கிற இடம். வழியில கொஞ்சம் கிழக்கே ஒதுங்கினா எண்ணூர், அசோக் லேலண்டோட ஊர். மேற்கே திருவள்ளூர் ரோட்டுல ஆவடி, விஜயந்தா டாங்க் செஞ்ச கனரக வாகனத் தொழிற்சாலை. ராணுவம், லாரி, இரும்பு மூணும் ஒரே வட்டாரத்துல. அதனால இன்னைக்கு மூணையும் சேர்த்து ஒரு விஷயம் பேசலாம்: பழைய மிலிட்டரி லாரியோட பட்டை. அதாவது லீஃப் ஸ்பிரிங்.

சக்திமான்

உதாரணத்துக்கு சக்திமான் லாரியை எடுத்துக்கலாம். ஜெர்மனியோட எம்.ஏ.என். நிறுவனத்தோட உரிமம் வாங்கி, 1959-ல ஜபல்பூர்ல தயாரிக்க ஆரம்பிச்ச வண்டி. அப்போ பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன். நாலு சக்கரத்துக்கும் இன்ஜினோட இழுவை போகும். மலை, மணல், சேறு எல்லாத்துலயும் பல வருஷம் ஓடுச்சு. இன்னைக்கு அதை ஆசையா வாங்கி மீட்டெடுக்கிறவங்க இருக்காங்க. இந்த வயசு வண்டியில முதல்ல கண்ணுல படுறது, ஒரு பக்கம் சாய்ஞ்சு நிக்கிறதுதான். உடனே யாராவது ஒருத்தர் சொல்வார்: "கேஸ் வச்சு சூடாக்கி வளைச்சா நிமிர்ந்துடும்."

வேணாம். ஏன் வேணாம்னு புரிய, பட்டை எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கணும்.

வில்வண்டியோட தத்துவம்

தாத்தா காலத்து வில்வண்டி நினைவிருக்கா? கட்டை வண்டிக்கும் அதுக்கும் வித்தியாசமே அந்த வில்தான். லாரியில இருக்கிறதும் அதேதான். வளைஞ்ச பட்டைகள் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, நடுவுல சென்டர் போல்ட் போட்டு, யூ போல்ட்டால அச்சோட இறுக்கியிருப்பாங்க. நீளமானது மெயின் பட்டை. அதோட ரெண்டு முனையும் சுருண்டு கண்ணு மாதிரி இருக்கும்.

குட்டிப் பட்டைகளுக்கு வளைவு கொஞ்சம் அதிகமா வச்சிருப்பாங்க. சேர்த்து இறுக்கும்போது, அதுங்க மெயின் பட்டையோட பாரத்துல ஒரு பங்கை வாங்கிக்கும். அதனால பட்டைகளை வரிசை மாத்திப் போட்டாலோ, வேற வண்டிப் பட்டையை நடுவுல சொருகினாலோ அந்தப் பங்கீடு கெட்டுப்போகும்.

இன்னொரு கணக்கு. பட்டையோட விறைப்பு, அதோட தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. துரு தின்னு தடிமன் 10 சதவீதம் குறைஞ்சா, விறைப்பு கிட்டத்தட்ட 27 சதவீதம் குறையும். "மேல் துருதானே, பெயின்ட் அடிச்சா சரியாயிடும்"னு விடக் கூடாது.

கேஸ் வச்சா என்ன ஆகும்?

பட்டை சாதா இரும்பு இல்லை. கார்பன் சுமார் 0.5 முதல் 0.7 சதவீதம், கூடவே சிலிக்கான், மாங்கனீஸ் இல்லன்னா குரோமியம் கலந்த எஃகு. அதைச் செக்கச்சிவக்கக் காய்ச்சி, எண்ணெய்ல முக்கி, திரும்ப 450, 500 டிகிரி வாக்குல சூடாக்கிப் பதப்படுத்துறாங்க. வளைஞ்சு பழைய இடத்துக்கே திரும்புற குணம் அந்தப் பதத்துலதான் இருக்கு. அருவா அடிக்கிறவங்க லாரிப் பட்டையைத் தேடி வாங்குறதும் இந்த எஃகுக்காகத்தான். ஆனா, அவங்க அடிச்சு முடிச்சதும் திரும்பப் பதம் போடுறாங்க.

கேஸ் டார்ச்சை ஒரே இடத்துல காட்டினா, அங்க மட்டும் பதம் போயிடும். பக்கத்துல பழைய பதம் அப்படியே இருக்கும். ரெண்டும் சேர்ற இடத்துல விரிசல் விடலாம். முன்சக்கரத்தோட மெயின் பட்டை ஓடும்போது உடைஞ்சா அச்சு நகரும், ஸ்டீயரிங் கைக்கு அடங்காது.

இன்னொரு யோசனையும் வரும்: "கும்மிடிப்பூண்டியில இல்லாத இரும்பா? ஒரு துண்டு வெட்டிப் போட்டா என்ன?" கட்டடக் கம்பியில கார்பன் 0.3 சதவீதத்துக்கு மேல போகாது. அந்த ரகத்துல பட்டை போட்டா, முதல் பெரிய பள்ளத்துலயே வளைஞ்சு, வளைஞ்சபடியே நின்னுடும்.

சரி, எப்படித்தான் செய்யிறது?

முதல்ல, சாய்வுக்குக் காரணம் பட்டைதானான்னு பாருங்க. தேய்ஞ்ச புஷ், ஷாக்கிள், முறுக்கிப்போன சேஸிஸ் கூட காரணமா இருக்கலாம்.

கழட்டும்போது சேஸிஸை ஸ்டாண்டுல நிறுத்துங்க. ஜாக்கை மட்டும் நம்பாதீங்க. பட்டை செட்டைக் கிளாம்ப்ல இறுக்கிப் பிடிச்ச பிறகுதான் சென்டர் போல்ட்டை எடுக்கணும். உள்ள அடங்கியிருக்கிற விசை ஆளைத் தாக்கும்.

இடது, வலது, வரிசை எல்லாத்தையும் குறிச்சுட்டு, துருவை நீக்கி விரிசல் தேடுங்க. பழைய பட்டறை முறை ஒண்ணு: மண்ணெண்ணெய்ல ஊறவச்சு, நல்லா துடைச்சு, சுண்ணாம்புத் தூள் தடவுறது. விரிசல் இருந்தா உள்ள போன எண்ணெய் கசிஞ்சு கோடு தெரியும். சென்டர் போல்ட் ஓட்டையைச் சுத்தியும் கண்ணோட அடியிலயும் கவனமா பாருங்க.

விரிசலோ ஆழமான குழியோ இருந்தா அந்தப் பட்டை பழைய இரும்புதான். வெல்டிங் வேண்டாம். நல்ல பட்டை வளைவு மட்டும் இழந்திருந்தா, முழுசா உலையில வச்சு வளைச்சு, எண்ணெய்ல முக்கி, திரும்பப் பதப்படுத்துற ஸ்பிரிங் பட்டறைக்குக் கொடுங்க. அளவு கொடுத்துப் புதுசும் செய்யலாம். எதுவானாலும் ஒரே அச்சோட ரெண்டு பக்கத்தையும் சேர்த்தே செய்யணும்.

பூட்டும்போது பட்டைகளுக்கு நடுவுல கிராஃபைட் கிரீஸ். யூ போல்ட் புதுசு. சில நூறு கிலோமீட்டர் ஓடினதும் திரும்ப இறுக்கணும். யூ போல்ட் தளர்ந்தா, பட்டை சென்டர் போல்ட் ஓட்டையிலதான் உடையும்.

தேறாத பட்டையைத் தூக்கிப்போட மனசு வராதுதான். ஆனா அது உலைக்குப் போனா இன்னொரு கம்பியா வரும். பாசத்துல வண்டியிலேயே மாட்டி வச்சா, ரோட்டுல எதிர்ல வர்றவருக்குத்தான் ஆபத்து.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.