பட்டம்மாள் வீட்டுச் சொத்து

2009 ஜூலை 16-ஆம் தேதி சென்னையில் டி.கே.பட்டம்மாள் காலமானார். வயது 90. சரியாக ஐந்து நாள் கழித்து, 21-ஆம் தேதி, ஹூப்ளியில் கங்குபாய் ஹங்கல் மறைந்தார். அவருக்கு 96. தமிழ்ப் பேப்பரும் கன்னடப் பேப்பரும் ஒரே திண்ணையில் கிடக்கும் ஜீவனஹள்ளி மாதிரியான பெங்களூருப் பகுதிகளுக்கு இரண்டும் ஒரே வாரத்துத் துக்கச் செய்தி. ஒருவர் கர்னாடக சங்கீதம், மற்றவர் இந்துஸ்தானி. ஆனால் இருவர் வீட்டிலும் கதை ஆரம்பிப்பது பாடாமல் போன ஓர் அம்மாவிடம்தான்.

பட்டம்மாளின் அம்மா காந்திமதிக்கு நல்ல குரல். ஆனால் காஞ்சிபுரத்து ஆசாரக் குடும்பம். சபையில் பாடுவதை விடுங்கள், உறவுக்காரர்கள் எதிரே வாய் திறந்து பாடக்கூட அனுமதி கிடையாது. கங்குபாயின் அம்மா அம்பாபாய் கதை வேறு. கர்னாடக இசை பாடியவர் அவர். மகள் இந்துஸ்தானி கற்க ஆரம்பித்ததும், தன் பாட்டு காதில் விழுந்து அவளைக் குழப்பிவிடக் கூடாதே என்று பாடுவதையே நிறுத்திக்கொண்டார். ஒருவர் வாயை ஊர் வழக்கம் அடைத்தது. இன்னொருவர் தானே அடைத்துக்கொண்டார்.

1919 மார்ச் 19-இல் காஞ்சிபுரத்தில் பிறந்த பெண்ணுக்கு வைத்த பெயர் அலமேலு. வீட்டில் கூப்பிட்டது ‘பட்டா’. அதுதான் பட்டம்மாள் ஆனது. அப்பா தாமல் கிருஷ்ணசாமி தீட்சிதருக்குச் சங்கீதத்தில் ஈடுபாடு. விடியற்காலையில் எழுப்பி உட்காரவைத்து, சுலோகங்களும் பாட்டும் சொல்லிக்கொடுத்தார். அப்புறம், பட்டம்மாள் ‘தெலுங்கு வாத்தியார்’ என்றே குறிப்பிட்டுவந்த ஓர் ஆசிரியர். குருகுலவாசம் என்று எதுவும் வாய்க்கவில்லை. பெண் குழந்தையை யார் வீட்டில் கொண்டுபோய் விடுவது?

அந்தக் குறையை அவர் ஈடுகட்டிய விதம்தான் சுவாரசியம். ஊரில் நடக்கும் கச்சேரிகளுக்குப் போவார். கேட்ட கீர்த்தனைகளையும் ராகத்தின் முக்கியமான பிடிகளையும் எழுதி வைத்துக்கொள்வார். சகோதரர்கள் ரங்கநாதன், நாகராஜன், ஜெயராமன் மூவரும் இந்த வேலையில் கூட்டு. லயத்தில் பெரும் புலியான காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை அதே ஊர்க்காரர் என்பது சிறுமிக்கு அடித்த அதிர்ஷ்டம். கணக்கு வழக்கில் பின்னாளில் பட்டம்மாள் காட்டிய அநாயாசத்துக்கு அந்த நாட்களின் கேள்வி ஞானமே வித்து என்று தாராளமாகச் சொல்லலாம். பிறகுதான் அம்பி தீட்சிதர், டி.எல்.வெங்கடராம ஐயர் என்று முறையான குருமார்கள் வந்தார்கள். முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகள் சுத்தமான பாடாந்தரத்தில் அவரிடம் வந்து சேர்ந்தது இந்த வழியில்.

பத்துப் பதினொரு வயதில் சென்னை மாநகராட்சி வானொலியில் பாடினார். 1932-இல் சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் முதல் கச்சேரி, வயது 13. அடுத்த வருஷமே குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. பிராமணப் பெண் மேடையேறுவதே பேச்சுக்கு இடமான காலம். அதிலும் ராகம் தானம் பல்லவி ஆண்களின் காணி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கடினமான தாளங்களில் பல்லவியை விஸ்தாரமாகப் பாடி அந்த வேலியைத் தாண்டியதால் ‘பல்லவி பட்டம்மாள்’ என்றே பெயர் வந்தது. இதைப் புரட்சி என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அவர் கோஷம் எதுவும் போட்டதாகத் தெரியவில்லை. உட்கார்ந்தார், பாடினார், பிசிறில்லாமல் முடித்தார். அவ்வளவுதான், ஆனால் அதற்குப் பிறகு ‘பொம்பளைக்குப் பல்லவி எதற்கு’ என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லவேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை.

1939-இல் ஈஸ்வரனோடு கல்யாணம். மாப்பிள்ளை இன்ஜினீயர். கல்யாணத்தோடு பாட்டு நின்றுபோன பெண்கள் அந்தத் தலைமுறையில் எத்தனையோ பேர். இங்கே நேர்மாறு, கணவர் உறுதுணையாகவே நின்றார்.

சினிமாவும் தேடி வந்தது. பட்டம்மாள் ஒரு நிபந்தனை வைத்தார்: பக்திப் பாட்டு, தேசப் பாட்டு, இரண்டு மட்டும். காதல் பாட்டு கிடையாது. 1939-இல் வந்த ‘தியாக பூமி’ படத்தில் தேச சேவைக்கு அழைத்தது அவர் குரல். 1947-இல் ஏவி.எம்.மின் ‘நாம் இருவர்’ படத்தில் பாரதியின் சுதந்திரப் பள்ளைப் பாடினார். விடுதலை வந்துவிட்டது போலவே கூத்தாடும் அந்தப் பாட்டு, நிஜமாகவே விடுதலை வருவதற்குச் சில மாதங்கள் முன்பு தியேட்டர்களில் ஒலித்தது. பாரதி அதைக் கேட்க இல்லை, 1921-இலேயே போய்விட்டார்.

வீட்டுக்குள் வருவோம். தம்பி ஜெயராமன் சிறு பையனாக அக்காவோடு சேர்ந்து பாட ஆரம்பித்தவர். பெரிய வித்வானாகித் தனிக்கச்சேரிகள் செய்தார். மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி அக்காவுக்கு 1970-இல், தம்பிக்கு 1990-இல். அடுத்த ஜனவரியில் ஜெயராமன் காலமானார். ஒன்பது வயது இளைய தம்பியை வழியனுப்பிவிட்டு அக்கா இன்னும் பதினெட்டு வருஷம் இருந்தார். நீண்ட ஆயுளுக்கு இந்த வட்டியும் உண்டு. கங்குபாய்க்கும் அதே கதிதான்: மேடையில் கூடவே பாடிய மகள் கிருஷ்ணா 2004-இல் முந்திக்கொண்டார்.

பட்டம்மாளின் மகன் சிவகுமார் மிருதங்கம். மருமகள் லலிதா, மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரின் மகள். பெண்களுக்கு வாசிப்பதில்லை என்று விரதம் போல இருந்த மணி ஐயர், முதலில் அதைத் தளர்த்தியது பட்டம்மாளுக்காக. சம்பந்தி வீடுகளிலேயே இது அபூர்வமான சம்பந்தம். லலிதா மாமியாரிடம் கற்று, வருஷக்கணக்கில் அவர் பின்னால் உட்கார்ந்து பின்பாட்டுப் பாடினார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பின்பாட்டு சின்ன வேலை. முன்னால் இருப்பவர் மூச்சு எடுக்கும் இடத்தில் இழை அறாமல் பிடித்துக்கொண்டு, அவர் தொடங்கியதும் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஒரு பாடாந்தரம் ரத்தத்தில் ஊற இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் பேத்தி நித்யஸ்ரீயும் வளர்ந்தார். அம்மாவிடம் பாடம், பாட்டியிடம் பாடம், பாட்டி கச்சேரியில் பின்பாட்டு. 1987-இல் தன் முதல் கச்சேரி. குருகுலம் கிடைக்காத காஞ்சிபுரத்துச் சிறுமி, தன் வீட்டையே குருகுலமாக ஆக்கிவிட்டிருந்தார்.

1998-இல் பாட்டிக்குப் பத்ம விபூஷண் கிடைத்தது. அதே வருஷம் பேத்தியின் குரல் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் ‘ஜீன்ஸ்’ படத்தில் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. அசல் காதல் பாட்டு! தன் நிபந்தனையைப் பட்டம்மாள் பேத்தி தலையில் கட்டவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். தன் மட்டில் தளர்த்தவும் இல்லை. 2000-இல் வெளியான ‘ஹே ராம்’ படத்துக்கு அவரும் பாடினார், ஏறக்குறைய எண்பது வயதில். பாடியது நரசிங்க மேத்தாவின் பஜன். காந்திக்குப் பிடித்த பாட்டு என்பதால் பக்தியிலும் சேர்த்துக்கொள்ளலாம், தேசத்திலும் சேர்த்துக்கொள்ளலாம்.