விளக்குமாற்றை எடுக்கும் முன்

மாடத்தில் கூடு கட்டுவதால் மாடப்புறா என்று பெயர் வந்தது. கோபுரத்துப் பொந்துகளில் குடியிருந்த அந்தப் பறவைக்கு இன்று அலுவலகக் கட்டடத்தின் சன்ஷேடும், ஏசி அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கமும், திறந்து கிடக்கும் பைப் ஷாஃப்டும் மாடங்களாகிவிட்டன. மாதக்கணக்கில் எச்சம் குவியும். ஒருநாள் மேலாளர் கண்ணில் படும். உடனே ஹவுஸ்கீப்பிங் அக்காவைக் கூப்பிட்டு, "இதைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கள்" என்பார். முகக்கவசம் கிடையாது, கையுறை கிடையாது. அந்தப் பத்து நிமிடத்தை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

தூசியாகும்போதுதான் ஆபத்து

எச்சம் இருந்த இடத்திலேயே இருக்கும்வரை தொல்லை குறைவு. காய்ந்து பொடியாகி, விளக்குமாறு பட்டு எழும்பி மூக்குக்குள் போகும்போதுதான் நுரையீரலுக்குக் கேடு. புறா எச்சத்தில் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை வளர்வதை 1955-லேயே அமெரிக்க ஆய்வாளர் செஸ்டர் எம்மன்ஸ் காட்டினார். புறாவின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸுக்கும் மேல் என்பதால் பூஞ்சை அதை அவ்வளவாகத் தொடுவதில்லை. மனிதர்களில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குத்தான் ஆபத்து: எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் ஆகியோருக்கு அந்தப் பூஞ்சை மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோய்விடும். இவர்களை இந்த வேலைக்கு அனுப்பவே கூடாது.

நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ளவர்களையும் விடாதது ஒவ்வாமை நுரையீரல் அழற்சி. எச்சத்திலும் இறகுத் துகளிலும் உள்ள புரதங்களை நாள்தோறும் சுவாசித்தால் சிலருக்கு நுரையீரல் திசு வீங்கும். கவனிக்காமல் விட்டால் தழும்பேறி இறுகிவிடும். இறுகிய பகுதி பழையபடி ஆகாது. நுரையீரல் திசு நோயாளிகள் 1,084 பேரைப் பதிவு செய்து 2017-இல் வெளியான இந்திய ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த அழற்சிதான் இருந்தது. அதற்கான காரணங்களில் ஏர்கூலர்தான் அதிகம் பேசப்பட்டது. ஆனால் பட்டியலில் பறவைகளும் இருந்தன.

நனைத்த பிறகே சுரண்டுங்கள்

முதலில் ஏசியையும் எக்ஸாஸ்ட் விசிறியையும் நிறுத்தி, காற்று உள்ளே போகும் வழிகளைப் பாலித்தீனால் மூடுங்கள். வேலை நடக்கும் இடத்தில் வேறு யாரும் நிற்க வேண்டாம். சுத்தம் செய்பவருக்கு என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை வேண்டும். துணி மாஸ்க் இதற்குப் போதாது. முந்தானையைச் சுற்றிக்கொள்வதும் அப்படித்தான்.

சோப்புத் தண்ணீரை மெல்லத் தெளித்து, அடிவரை ஊறவிட்டு, ஈரமாக இருக்கும்போதே தகட்டால் வழித்தெடுங்கள். நடுவில் காய்ந்தால் மறுபடி தெளியுங்கள். பிரஷர் வாஷரும் சாதாரண வேக்குவம் கிளீனரும் தூளைக் காற்றில் கிளப்பிவிடும். வழித்ததை இரட்டைப் பையில் கட்டி, கையுறையைக் கழற்றியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் ஆசிடையும் சேர்த்து ஊற்றும் வழக்கம் பல இடங்களில் உண்டு. தயவுசெய்து வேண்டாம்; குளோரின் வாயு கிளம்பும்.

ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலோ டக்டுக்குள்ளோ மூட்டைக் கணக்கில் குவிந்திருந்தால், உரிய கருவிகளுடன் வரும் பயிற்சி பெற்றவர்களைத்தான் அழைக்க வேண்டும். அவுட்டோர் யூனிட்டைக் கழற்ற வரும் ஏசி மெக்கானிக்குக்கும் முகக்கவசம் கொடுங்கள். அவரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியது

வேலை முடிந்து சில மணி நேரத்தில் வறட்டு இருமல், குளிர்காய்ச்சல், மூச்சிறைப்பு வந்து, விடுமுறையில் தணிந்து, வேலைக்குத் திரும்பியதும் மறுபடி தலைதூக்குகிறது என்றால், "நான் வேலை செய்யும் இடத்தில் புறா இருக்கிறது" என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

வலைக்கு முன் கூடு

சுத்தம் செய்து வழியை அடைக்காவிட்டால் புறா திரும்பி வந்துவிடும். 50 மி.மீ. கண்ணி உள்ள வலை போதும். குறுகிய விளிம்புகளில் கம்பிமுள் பதிக்கலாம், அல்லது நிற்க முடியாதபடி சரிவாகப் பூசலாம். மொட்டைமாடியில் மதியச் சோற்றை இறைப்பதும் நிற்க வேண்டும். விரட்டத் தொங்கவிடும் பளபளக்கும் சிடிகளுக்குப் புறா விரைவில் பழகிவிடும்.

வலை கட்டும் முன் கூட்டைப் பாருங்கள். முட்டை பொரிய ஏறத்தாழ 18 நாள், குஞ்சு பறக்க மேலும் ஒரு மாதம். உள்ளே குஞ்சை வைத்து அடைத்தால் அது பட்டினியில் சாகும். தாய்ப்புறா வலையை முட்டிக்கொண்டே இருக்கும். குஞ்சு பறக்கும்வரை கூட்டை ஒட்டிய ஜன்னலை மூடி வைத்துவிட்டுக் காத்திருக்கலாம்.