இழுப்பது கை, சுருட்டுவது ஸ்பிரிங்

சாரல் பிடித்துவிட்டால் தென்காசிப் பக்கம் புல்லுக்குக் கொண்டாட்டம். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டி வந்ததும் குற்றாலத்தில் அருவி விழும். இலஞ்சி, மேலகரம், வல்லம் தோப்புகளில் களை மளமளவென்று ஏறும். கோடை முழுக்க ஷெட்டு மூலையில் கிடந்த பழைய புல் வெட்டும் மெஷின் அப்போதுதான் நம் நினைவுக்கு வருகிறது. வெளியே எடுத்துக் கயிற்றை இழுத்தால், இழுத்த கயிறு உள்ளே போகாமல் தொங்குகிறது. ‘எஞ்சின் போச்சு’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. டீயைக் குடித்துக்கொண்டே உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

கயிறு நுழைந்திருக்கும் வட்ட மூடிக்குள் இருப்பதுதான் ரீகாயில் ஸ்டார்ட்டர். அதில் முக்கியமானவை மூன்று: கயிறு சுற்றிய சக்கரம், அதற்கு அடியில் பட்டையான எஃகு ஸ்பிரிங், நடுவில் சின்ன நாக்குகள். கயிற்றை இழுத்தால் சக்கரம் சுழலும். பெரும்பாலான மெஷின்களில் அந்த நாக்குகள் வெளியே நீண்டு, எஞ்சின் தண்டோடு சேர்ந்த கிண்ணத்தைக் கவ்வும், எஞ்சின் சுற்றும். எஞ்சின் தானாக ஓடத் தொடங்கியதும் நாக்குகள் பிடியை விட்டு மடங்கிவிடும்.

எல்லோருக்கும் ஒரு குழப்பம் வருவது இங்கேதான். ஸ்பிரிங்தான் எஞ்சினைக் கிளப்புகிறது என்று நினைக்கிறோம். இல்லை. எஞ்சினைச் சுற்றுவது முழுக்க நம் கை. ஆசாரி வைத்திருக்கும் இரும்பு டேப்பை நினைத்துப் பாருங்கள். நாடாவை வெளியே இழுப்பது அவர் கை; விட்டதும் உள்ளே சுருட்டிக்கொள்வது மட்டும்தான் ஸ்பிரிங்கின் வேலை. இங்கேயும் அதேதான்.

பழைய வில்லியர்ஸ் எஞ்சினைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். அதில் ஸ்பிரிங்கே கிடையாது. கயிற்று முடிச்சைப் புல்லியின் வெட்டில் மாட்டி, நாலைந்து சுற்றுச் சுற்றி, வெடுக்கென்று இழுப்பார்கள். கயிறு கையோடு வந்துவிடும். எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் திரும்பவும் சுற்ற வேண்டும். அந்தத் திரும்பச் சுற்றும் வேலையை மிச்சப்படுத்தத்தான் ஸ்பிரிங் வந்தது.

இது மனதில் பதிந்தால் பழுதை நாமே பிரித்தறியலாம். கயிறு திரும்பிப் போகவில்லையா? ஸ்பிரிங் உடைந்திருக்கும், முறுக்கு இறங்கியிருக்கும், அல்லது துருவும் புல்தூளும் சேர்ந்து சக்கரத்தை இறுக்கியிருக்கும். கயிறு போய் வருகிறது, எஞ்சின் மட்டும் சுற்றவில்லையா? நாக்குகள் காய்ந்த கிரீஸில் ஒட்டிக்கொண்டிருக்கும். கயிற்றை இழுக்கவே முடியவில்லையா? ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றிப் பாருங்கள். எளிதாகச் சுற்றினால் கோளாறு ஸ்டார்ட்டரில்தான்.

பிரிக்கும் முன் பிளக் கேப்பைக் கழற்றிவிட வேண்டும். பிறகு மூடியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றினால் ஸ்டார்ட்டர் தனியே வந்துவிடும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். சக்கரத்தை அவசரமாகத் தூக்கினால் உள்ளே அடங்கியிருக்கும் ஸ்பிரிங் எகிறி முகத்தில் அடிக்கும்.

கயிறு நைந்திருந்தால் அதே தடிமனில் நைலான் கயிறு வாங்குவோம். தடித்தால் சக்கரத்தில் அடங்காது. வெட்டிய முனையைத் தீக்குச்சியில் காட்டி உருக்கினால் பிரியாது. இனி முறுக்கு. ஸ்பிரிங் நல்லபடி அமர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கயிறு இழுபடும் திசையில் சக்கரத்தை, பிறகு கயிறு முழுதும் உள்ளே சுருளும் அளவுக்குச் சுற்றி, நழுவாமல் பிடித்துக்கொண்டு, மூடியின் துளையும் சக்கரத்தின் துளையும் நேராக வரும்போது கயிற்றைக் கோத்து முடிச்சுப் போடுவோம். கைப்பிடியைக் கட்டி, கயிற்றை மெல்ல உள்ளே விடுவோம்.

முறுக்கு கூடினால் எஞ்சின் சீக்கிரம் பிடிக்கும் என்று சிலர் இன்னும் நாலு சுற்று ஏற்றுவார்கள். கிளப்புவது ஸ்பிரிங் அல்ல என்று பார்த்தோமே! கூடுதல் முறுக்கால் ஒரு பயனும் இல்லை. கயிறு முழுக்க வருவதற்குள் ஸ்பிரிங் இறுகி முறிந்துவிடும். கைப்பிடி மூடியோடு ஒட்டி நின்றால் போதும். கயிற்றை முழுதாக இழுத்த பிறகும் சக்கரம் அரைச் சுற்றாவது திரும்ப இடமிருக்க வேண்டும்.

ஸ்பிரிங் நெடுநாள் உழைப்பதும் நாம் இழுக்கும் விதத்தில்தான் இருக்கிறது. முதலில் மெல்ல இழுத்து, எஞ்சின் முட்டும் இடத்தை உணர்ந்து, கயிற்றை உள்ளே விட்டு, பிறகு ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். கயிற்றின் கடைசி வரை சுண்டி இழுக்கவும் வேண்டாம், கைப்பிடியைப் பட்டென்று விடவும் வேண்டாம்.

ஒரு கயிறு திரும்பாததற்காக, நன்றாக ஓடக்கூடிய மெஷின் எடைக்குப் போவது எனக்குப் பொறுக்காது. பழைய இரும்புக் கடைக்குத் தூக்கும் முன் ஸ்டார்ட்டரைக் கழற்றி, எஞ்சினை ஒருமுறை கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால், வாங்க வேண்டியது கொஞ்சம் கயிறோ ஒரு ஸ்பிரிங்கோதான்.