பிளாஷ் கன்னோடு கணக்கையும் சேர்த்துக் கொடுப்போம்

வியாபாரத்தில் இரண்டு வகைச் சரக்கு உண்டு. பருப்பு, சோப்பு, தீப்பெட்டி போன்றவற்றை எடுத்துக் கொடுத்துக் காசை வாங்கிக் கல்லாவில் போட்டால் வேலை முடிந்தது. இன்னொரு வகைச் சரக்கை நாலு வார்த்தை சொல்லித்தான் கொடுக்க வேண்டும். சொல்லாமல் கொடுத்தால் சரக்கு முதல் தரமாக இருந்தாலும் வாங்கியவருக்கு நஷ்டம், விற்றவருக்குக் கெட்ட பெயர். பிலிம் காமிராவின் தலையில் பொருத்தும் பிளாஷ் கன் இந்த இரண்டாவது வகை.

பிலிம் காமிராவே மலையேறிவிட்டதே, இப்போது இது எதற்கு என்று உறுப்பினர்கள் கேட்கலாம். மலையேறியது மறுபடி இறங்கி வருகிறது. சில ஆண்டுகளாகக் கல்லூரிப் பிள்ளைகள் அப்பாவின் பீரோவிலிருந்தும் தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலிருந்தும் காமிராவை எடுத்துக்கொண்டு கடை கடையாக வருகிறார்கள். கூடவே பழைய பிளாஷ் கன்னும் கைமாறுகிறது. பிலிம் ரோல் இன்று விற்கும் விலையில் 36 படமும் வீணானால் அது சின்ன நஷ்டமல்ல. போட்டோச் சாமான் மொத்த வியாபாரத்தில் ராயப்பேட்டையில் காலம் கழித்தவர்கள் என்ற முறையில் நாங்கள் அறிந்ததை இங்கே சொல்கிறோம்.

வெளிச்சம் வந்த வழி

ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து அண்ணா சாலை நடந்து போகும் தூரம். அது மவுண்ட் ரோடாக இருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கே ஸ்டுடியோக்கள் இருந்தன. 1850இல் சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர், அடுத்த சில ஆண்டுகளில் போட்டோகிராபிக் சங்கத்துக்கும் வித்திட்டார். அந்த நாளில் போட்டோக்காரருக்கு வெயில்தான் மூலதனம். பொழுது சாய்ந்தால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

1887இல் ஜெர்மனியில் மியத்தே, கேடிக்கே என்ற இருவர் மக்னீசியம் கலந்த பிளாஷ் பொடியைக் கொண்டுவந்தார்கள். பளிச்சென்று எரியும், புகையும் நெருப்பு பயமும் கூடவே வரும். 1929இல் அதே நாட்டில் பிளாஷ் பல்பு விற்பனைக்கு வந்தது. ஒரு பல்புக்கு ஒரு படம், பிறகு குப்பைக்கூடை. 1930களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தைச் சேர்ந்த ஹெரால்டு எட்ஜர்டன், வாயு அடைத்த குழாயில் மின்சாரத்தைப் பாய்ச்சித் திரும்பத் திரும்ப மின்ன வைக்கும் முறையை வளர்த்தெடுத்தார். இன்று நாம் கையில் பிடிக்கும் பிளாஷ் கன் அந்த வழியில் வந்ததுதான்.

நம் ஊருக்கு அது வந்த வழி வேறு. கறுப்பு வெள்ளை பிலிமுக்கு ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்தது. 1960இல் நிறுவி 1967இல் உற்பத்தி தொடங்கிய அரசு ஆலை. நல்ல காமிராவும் பிளாஷும் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. 1991க்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்ததால், வெளிநாடு போய்வந்தவர்கள் கொண்டுவந்ததும், பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கடற்கரை ரயில் நிலையப் பக்கம் அமைத்த பர்மா பஜாரில் கிடைத்ததும்தான் பலருக்குக் கதி. பில் கிடையாது, கியாரண்டி கிடையாது, விளக்கப் புத்தகமும் பல சமயம் கிடையாது. ஆகவே சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு கடைக்காரர் தலையில் விழுந்தது.

ஒரு முகூர்த்தம், ஒரே தாலி

அந்தப் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு ஒன்று சொல்கிறோம். தாலுகா ஊர் ஸ்டுடியோக்காரர் ஒருவர் எங்களிடம் தவணைக்குச் சரக்கு எடுப்பவர். ஒரு நாள் கழுவிய நெகட்டிவ் சுருளோடு முகம் வாடி வந்தார். வேறோர் இடத்தில் புதிதாக வாங்கிய பிளாஷில் எடுத்த கல்யாணம். தாலி கட்டும் படம் உட்பட ஒவ்வொரு படத்திலும் பாதி சரியாக இருக்கிறது, மறுபாதியில் ஒன்றுமே விழவில்லை. மாப்பிள்ளை தெரிகிறார், பெண்ணைக் காணோம். பிளாஷ் கெட்டுப்போனது என்று அவர் நினைத்தார். பிளாஷில் ஒரு குறையும் இல்லை. காமிராவின் ஷட்டர் 250இல் நின்றிருந்தது. அது 60இல் நிற்க வேண்டிய காமிரா. விற்றவர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை.

பெண் வீட்டார் பணம் தர மறுத்துவிட்டார்கள். அதைவிட, அந்த ஊரில் அடுத்த கல்யாண ஆர்டர் அவருக்கு வர ஒரு வருடம் ஆயிற்று. டிஜிட்டல் காமிராவில் எடுத்தவுடன் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். பிலிமில் கழுவிப் பார்த்தால்தான் தெரியும். அதற்குள் மண்டபத்தில் பந்தலைப் பிரித்திருப்பார்கள்.

வாங்குபவருக்குச் சொல்ல வேண்டியவை

1. ஷட்டர் வேகம். துணித்திரை ஷட்டர் உள்ள எஸ்.எல்.ஆர். காமிராக்களில் பெரும்பாலும் 60. பென்டாக்ஸ் கே 1000 அப்படிப்பட்டது. மேலிருந்து கீழாக ஓடும் உலோகத் திரையுள்ள பலவற்றில் 125. அந்த எண்ணைத் தாண்டினால் முதல் திரை முழுதும் திறப்பதற்குள் இரண்டாம் திரை மூடத் தொடங்கிவிடும், பிளாஷ் வெளிச்சம் படத்தின் ஒரு பகுதியில்தான் விழும். லென்சுக்குள்ளேயே ஷட்டர் உள்ள இரட்டை லென்ஸ் காமிராக்களில் எந்த வேகத்திலும் எடுக்கலாம். ஆனால் அவற்றில் சிலவற்றில் எம், எக்ஸ் என்று ஒரு விசை இருக்கும். எம் என்பது பழைய பல்புக்கு. இன்றைய பிளாஷுக்கு எக்ஸில்தான் இருக்க வேண்டும். எம்மில் இருந்தால் ஷட்டர் திறக்கும் முன்பே பிளாஷ் மின்னிவிடும், படம் விழாது.

2. கைடு நம்பர். இதுதான் பிளாஷின் படிக்கல். கைடு நம்பரைத் தூரத்தால் வகுத்தால் வைக்க வேண்டிய அபெர்ச்சர் வரும். ஏ.எஸ்.ஏ. 100 பிலிமுக்கு அடிக் கணக்கில் 80 என்று போட்டிருந்தால், 10 அடியில் எஃப் 8, 20 அடியில் எஃப் 4. ஏ.எஸ்.ஏ. 400 பிலிம் போட்டால் 80 என்பது 160 ஆகும். எண் அடியிலா மீட்டரிலா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். 80 அடியும் 24 மீட்டரும் ஒன்றுதான். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாகாது, கால் பங்காகிவிடும். முன்வரிசைக்காரர் வெளுத்துப் பின்வரிசை இருண்டு போகும் குரூப் போட்டோக்களுக்குக் காரணம் இதுவே.

3. ஆட்டோ. பிளாஷின் நெற்றியில் உள்ள கண், எதிரிலிருந்து திரும்பும் வெளிச்சத்தைப் பார்த்துத் தானே அணைத்துக்கொள்ளும். நல்ல வசதிதான். ஆனால் படம் நிறைய வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சுவரும் இருந்தால் வெளிச்சம் போதும் என்று ஏமாந்து சீக்கிரம் அணைந்துவிடும், முகம் கறுக்கும். அப்போது ஒரு ஸ்டாப் கூட்டித் திறக்க வேண்டும். ஹோமப் புகைக்கு நடுவே எடுத்தால் புகைதான் வெள்ளையாக விழும். காற்று விலக்கும் வரை பொறுப்பது நல்லது.

4. மேலே திருப்பி அடிப்பது. நேராக அடித்தால் முகத்தில் எண்ணெய் வழிவது போல் மினுங்கும், பின்சுவரில் நிழல் விழும். பிளாஷின் தலையை வெள்ளைக் கூரைக்குத் திருப்பினால் வெளிச்சம் பரவி இறங்கும். கூரைக்குப் போய் முகத்துக்கு வரும் தூரம் முழுவதையும் கணக்கில் சேர்த்து, அதற்கு மேலும் ஒன்றிரண்டு ஸ்டாப் திறக்க வேண்டும். மண்டபத்தில் மஞ்சள், ரோஜா நிறப் பந்தல் துணி கட்டியிருந்தால் இந்த முறை வேண்டாம். துணியின் நிறம் மணப்பெண் முகத்தில் ஏறிவிடும்.

5. சிவப்பு விளக்கு. தயார் என்று காட்டும் விளக்கு முழுச் சக்தி ஏறுவதற்குச் சற்று முன்பே எரியத் தொடங்கும் மாடல்கள் உண்டு. விளக்கு எரிந்தபின் இன்னும் சில விநாடி பொறுக்கச் சொல்லுங்கள். கண்ணில் சிவப்புப் பொட்டு விழாமல் இருக்க, பிளாஷ் லென்சிலிருந்து தள்ளி இருப்பதே போதும். காமிராவிலேயே ஒட்டிய பிளாஷைவிட வெளி பிளாஷ் மேலானது என்பதற்கு இது ஒரு காரணம்.

பழைய சரக்கை எடுக்கும்போது

நாலு பென்சில் செல் போட்டால் 6 வோல்ட். பிளாஷ் கன் அதை உள்ளே 300 வோல்ட் அளவுக்கு ஏற்றிக் கெப்பாசிட்டரில் தேக்குகிறது. செல்லை எடுத்த பிறகும் அந்த மின்சாரம் உள்ளே நிற்கும். ஆகவே கடைப் பையன்கள் ஸ்குரூ டிரைவரால் திறந்து பார்க்க அனுமதிக்கக் கூடாது. பழுது பார்ப்பது தெரிந்தவர் வேலை.

பல வருடம் சும்மா கிடந்த பிளாஷில் புதுச் செல் போட்டால் முதலில் நிதானமாகத்தான் ஏறும். ஏறியபின் சிறிது நேரம் விட்டுப் பத்துப் பன்னிரண்டு தடவை அடித்துப் பார்த்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். தெளியாததை விற்க வேண்டாம். செல் ஒழுகிய கறை உள்ளதா என்று பெட்டியைத் திறந்து பாருங்கள். பென்சில் செல் அளவிலேயே 3.7 வோல்ட் லித்தியம் செல் சந்தையில் கிடைக்கிறது. அளவு பொருந்துகிறதே என்று அதைப் போட்டால் பிளாஷ் அன்றோடு சரி.

மிக முக்கியமானது இது. பழைய பிளாஷ்கள் பலவற்றில் காமிராவைத் தொடும் முனையில் 200 வோல்ட்டுக்கு மேலும் நிற்கும். அந்தக் கால இயந்திரக் காமிரா அதைத் தாங்கும். டிஜிட்டல் காமிராக்களில் சில 6 வோல்ட்டுக்கு மேல் ஏற்காதவை. பையன் வீட்டுக்குப் போய் ஆசைக்கு ஒரு தடவை தன் டிஜிட்டல் காமிராவில் மாட்டினால், சில ஆயிரம் ரூபாய் பிளாஷ் பல ஆயிரம் ரூபாய் காமிராவைச் சுட்டுவிடும். ஒரு சாதாரண மல்டிமீட்டரால் நடு முனைக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே அளந்து, எண்ணைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் ஒட்டிக் கொடுங்கள்.

சட்டமும் அதையே சொல்கிறது

2020இல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நம்மில் பலருக்குக் கசப்பு மருந்து. ஒரு பொருளின் ஆபத்தைப் பற்றியோ சரியாகப் பயன்படுத்தும் முறையைப் பற்றியோ தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையை வாங்குபவருக்குச் சொல்லாமல் விட்டு, அதனால் கேடு விளைந்தால், விற்றவரும் பொறுப்பாளி என்று அது கூறுகிறது. நல்ல கடைக்காரர் சட்டம் வருமுன்பே செய்துவந்ததுதான் இது.

வரியிலும் ஒன்று கவனிக்க வேண்டும். பழைய சரக்கை வாங்கி விற்பவர், கொள்முதலில் உள்ளீட்டு வரி வரவு எடுக்காதிருந்தால், ஜி.எஸ்.டி. விதி 32இன்படி வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மீது மட்டும் வரி கட்ட வழி உண்டு. தத்தம் ஆடிட்டரைக் கலந்துகொண்டு, வாங்கியதற்குச் சீட்டு எழுதி வைக்க வேண்டும். பர்மா பஜார் காலம் போல் பில் இல்லாத வியாபாரம் இனி உதவாது.

மேலே சொன்ன ஐந்தையும் தமிழில் ஒரு பக்கத் துண்டுச் சீட்டாக அச்சடித்து, விற்கும் ஒவ்வொரு பிளாஷோடும் கொடுக்கும்படி சக வணிகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அச்சுச் செலவு சில காசு. போன் கடையிலும் ஆன்லைனிலும் சரக்கு கிடைக்கிறது. விலையில் அவர்களோடு நாம் மல்லுக்கு நிற்க முடியாது. கையில் வாங்கிப் பார்த்து, அளந்து, சொல்லிக்கொடுத்து அனுப்புவது நம்மிடம்தான் உண்டு. முதல் ரோல் நன்றாக விழுந்தவன் இரண்டாவது ரோலையும் நம்மிடமே வாங்குவான்.