நடு வழியில் நின்ற மோட்டார்

மோட்டார் வண்டி ஓடும்பொழுது அதன் யந்திரத்தைப் பற்றி நாம் நினைப்பதேயில்லை. நின்ற பிறகோ வேறொன்றையும் நினைப்பதில்லை. இவ்வுண்மையைச் சென்ற கார்த்திகை மாதத்தில் ஓர் இரவு நாம் நன்கு உணர்ந்தோம்.

பிரசவ வலி கண்ட தங்கையையும் அன்னையாரையும் ஏற்றிக்கொண்டு கும்பகோணத்திலிருந்து தஞ்சைக்குப் புறப்பட்டோம். சற்று நேரத்திற்கெல்லாம் பாட்டரி உருவம் பொறித்த சிவப்பு விளக்கொன்று நம் முன்னே எரிந்தது. தங்கைதான் அதைச் சுட்டிக் காட்டினாள். "அது கிடக்கட்டும்" என்றோம். பாபநாசம் தாண்டியதும் முன்விளக்குகள் மங்கின. அய்யம்பேட்டையை அணுகுகையில் வண்டி இரண்டு முறை விக்கி, நின்றே விட்டது. சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்ற சப்தமே வந்தது. பதற்றத்தில் மீண்டும் மீண்டும் திருப்பினோம். எஞ்சியிருந்த மின்சாரமும் கரைந்து போயிற்று.

தெய்வாதீனமாகப் பின்னால் ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய பெரியவர் பல்லாண்டு காலம் மோட்டார் பட்டறை நடத்தியவராம். "தம்பி, வண்டி நிற்கட்டும். முதலில் பெண்ணையும் அம்மாவையும் என் காரில் ஏற்றுங்கள், என் பிள்ளை கொண்டு சேர்ப்பான்" என்றார். அவர்கள் சென்ற பிறகே டார்ச் விளக்குடன் நம் வண்டியை நோக்கினார்.

"ஸ்டார்ட்டர் சுற்றுகிறதா, இல்லையா? முதலில் இதைக் கேட்க வேண்டும்" என்று விளக்கினார். ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றியும் யந்திரம் பற்றிக்கொள்ளாவிடில், பெட்ரோல் வரவில்லை அல்லது தீப்பொறி எழவில்லை என்று ஐயுற வேண்டும். பெட்ரோல் பம்பு மின்சாரத்தால் இயங்கும் வண்டிகளில், சாவியைத் திருப்பியவுடன் டாங்கிப் பக்கம் ஒரு கணம் மெல்லிய ரீங்காரம் கேட்கும். கேளாவிடில் பம்பையும் அதன் பியூஸையும் சோதிக்க வேண்டும். ஸ்டார்ட்டரே சுற்றாமல் விளக்கும் மங்கினால், குற்றம் பெரும்பாலும் பாட்டரியிலோ அதன் இணைப்புகளிலோதான். ஓடும்போதே விளக்கு மங்கி வண்டி நின்றதாயின், பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும்.

பாட்டரியின் நெகடிவ் கம்பியைக் கழற்றிவிட்டு அவர் கையை உள்ளே விட்டார். ஆல்டர்னேட்டரின் பின்புறத்துத் தடித்த கம்பி மறை கழன்று தொங்கியது! பாட்டரி வரவின்றிச் செலவு மட்டுமே செய்து வறண்டிருக்கிறது.

1912-ஆம் ஆண்டில் காடிலாக் வண்டியில் கெட்டரிங் என்பவரின் மின்சார ஸ்டார்ட்டர் அமைந்தது. அதற்குப் பின் கைப்பிடியைச் சுழற்றும் தொல்லை நாளடைவில் ஒழிந்தது. ஆனால் கைப்பிடியும் மறைந்துவிட்டபடியால், பாட்டரி ஓய்ந்தால் இன்று பிறர் உதவியையே நாட வேண்டியிருக்கிறது.

ஒரு மணி நேரத்தில் அவர் பிள்ளை திரும்பினார். "ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று" என்ற சொல் நம் காதில் தேனாய்ப் பாய்ந்தது. கம்பியை முடுக்கி, நெகடிவ் கம்பியையும் மீண்டும் பூட்டி, அவர் காரின் பாட்டரியோடு நம்முடையதை இணைத்ததும் யந்திரம் உறுமி எழுந்தது. இணைப்பை நீக்கிப் பெரியவர் மீட்டரை வைத்துக் காட்டினார்: சுமார் 14 வோல்ட். யந்திரம் ஓய்ந்திருக்கையில் நிறைந்த பாட்டரி காட்டுவது 12.6, ஓடும்போது அதனினும் ஏறி நின்றால் ஊட்டம் வருகிறதென்று பொருள்.

விடியுமுன் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். நேயர்களே, அந்தச் சிறு சிவப்பு விளக்கு அலங்காரத்திற்காக வைத்ததன்று. வண்டி பேசும் மொழி அது. காது கொடுக்க மறுத்தவர்கள் நாமே.